பாதி பாதியாய்ப் பூசிய மருந்து

வயல் வேலையால எனக்கும் பக்கத்து வயல் ரசீனாவுக்கும் கால்விரல் இடுக்கில சேற்றுப்புண். வவுனியாவில அதுக்கொரு மருந்து ஆய்வு நடக்க, இரண்டு பேரும் சேர்ந்தம். ஆளுக்கொரு பெயரில்லாத டியூப் தந்தினம். ஒன்று புது மருந்து, மற்றது பழசு. ஆருக்கு எதெண்டு எங்களுக்குத் தெரியாது.

இரண்டு கிழமையில அவளுக்குப் புண் ஆறி மாறிட்டுது, எனக்கு மாறேல்லை. சண்டைக்கு இடம்பெயர்ந்து முகாமில இருக்கேக்க நிவாரண அரிசியையே பாதி பாதியாய்ப் பிரிச்ச ஆக்கள் நாங்கள். அவள் தன்ர மருந்தில பாதியைத் தந்தாள். எனக்கும் மாறிட்டுது.

"உங்கட மருந்தும் நல்லா வேலை செய்யுது!" என்ர காலைப் பார்த்த ஆய்வு டொக்டர் சந்தோசமாய் எழுதத் தொடங்கினா. எனக்கு மனச்சாட்சி குத்திச்சுது.

"நான் பூசினது ரசீனாவின்ர மருந்து, டொக்டர்."

அவா பேனையை வைச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "நல்லகாலம் சொன்னீங்கள். இல்லாட்டி புண்ணை மாத்தாத மருந்தை எத்தனை பேர் நம்பிப் பூசியிருப்பினம்?" எண்டு, எங்கட இரண்டு பேரின்ர பேரையும் ஆய்வுப் பட்டியலில இருந்து வெட்டினா.

நிவாரணப் பட்டியலில பேர் வெட்டுப்பட்டு அழுத நாங்கள், அண்டைக்கு பஸ்ஸில வீடு வரைக்கும் சிரிச்சுக்கொண்டு வந்தம்.