மயிலாவுக்கு ஏந்திய கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், முனி, காத்து, கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போகிற ஆள் நான். பெங்களூரில் பல வருஷமாக ஃபால்ஸ் சீலிங் வேலை. ஆள் விழுந்து செத்த கட்டிடத்திலெல்லாம் தனியாகப் படுத்திருக்கிறேன், கொசுவைத் தவிர ஒன்றும் கடித்ததில்லை. இதையே வேறு யாராவது சொல்லியிருந்தால் நான்தான் முதலில் சிரித்திருப்பேன், அதனால் நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன். ராத்திரியில் நடந்திருந்தால்கூடத் தூக்கக் கலக்கம் என்று சொல்லி ஆறிவிடலாம். நடந்தது பட்டப்பகலில், சித்திரை வெயிலில், கடத்தூரில் ஒரு பழைய புளி குடோனுக்குள்.

தென்னரசு எங்கள் காலனிக்காரன், என்னோடு பள்ளியில் படித்தவன். சென்னையில் ஓவியம் படித்துப் பெரிய ஆளாகிவிட்டான், வெளிநாட்டிலெல்லாம் அவன் வேலையைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அவன் போன வருஷம் வந்து, "சொந்த மண்ணுல ஒரு கண்காட்சி வெக்கணும் மாப்ள, நீதான் கூட நிக்கணும்" என்றான். விஷயம் இதுதான். எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் ஊர்க்காரர் கொல்லையில் களையெடுக்க, கடலை பிடுங்கக் கூலிக்குப் போனால் தண்ணீர்க் குடத்தைத் தொடக்கூடாது. குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும், அவர்கள் எட்ட நின்று மேலிருந்து ஊற்றுவார்கள். அப்படிக் குடித்து வளர்ந்த பெரியவர்கள் காலனியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய கைகளை அச்செடுத்துத் தூண்களின் மேல் வரிசையாக வைக்க வேண்டும், பார்க்க வருகிறவர்கள் அந்தக் கைகளுக்கு நடுவே நடந்து போக வேண்டும். அச்சு எடுப்பதும் பிளாஸ்டர் ஊற்றுவதும் என் பொறுப்பு.

பல் டாக்டர் அச்செடுக்கும் பொடியை வாளியில் கரைத்து, ஒவ்வொருவராகக் கையை உள்ளே விடச் சொன்னோம். கையைக் குவியுங்கள் என்றால் போதும், கூடவே கழுத்து குனிந்துவிடும். யாரும் குனியச் சொல்லவில்லை. எனக்கு ஒரு ஆளிடமாவது தலையை நிமிர்த்துங்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. எல்லோருடைய கையும் அவரவர் வாயைப் பார்த்துச் சாய்ந்தபடியே அச்சில் வந்தது.

என் அப்பாவின் கை மட்டும் வேறு மாதிரி வந்தது. அவர் குனியவில்லை. கையை வெளிப்பக்கமாக, எதிரில் இருக்கிற யாருக்கோ நீட்டுவதுபோல, விரல் நுனியைக் கீழே சாய்த்து வைத்துக்கொண்டார். தென்னரசு, "மாமா, அப்படி வெச்சா தண்ணி நிக்காதே" என்றான். "நிக்காட்டி போவுது. இப்படித்தான் வெப்பேன். தூணையும் என் இடுப்புக்குக் கீழ வெய்யி" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் கையை வாளிக்குள் இறக்கிவிட்டார். அப்பா பிடித்தால் உடும்புப்பிடி, நாங்கள் விட்டுவிட்டோம்.

கண்காட்சி திறந்த மறுநாள் மத்தியானம், கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகும்முன் ஒரு சுற்று பார்த்தேன். அப்பாவின் கையில் தண்ணீர் இருந்தது. விளிம்பு வரைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சேட்டை என்று துடைத்துவிட்டேன். அடுத்த நாளும் அதே உச்சிவேளையில் அதே தண்ணீர். கூரைமேல் ஏறிப் பார்த்தேன், தகரம் காலைச் சுட்டதே தவிர ஒரு ஓட்டை இல்லை. மழை பெய்து மாசக்கணக்காகிறது. வாட்ச்மேனிடம் சண்டைக்குப் போனேன், பாவம், அந்த மனுஷன் அழாத குறை. உள்ளுக்குள் தென்னரசையே சந்தேகப்பட்டேன், கூட்டம் சேர்க்க வித்தை காட்டுகிறானோ என்று. ஆனால் என் தொழில் எனக்குத் தெரியுமில்லையா, வண்ணம் பூசாத பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும், அதுவும் அந்தச் சாய்வில் ஒரு சொட்டுகூட நிற்காமல் வழிந்துவிட வேண்டும். உறிஞ்சவும் இல்லை, வழியவும் இல்லை. அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை, மத்தியானம் நெருங்கினால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டொரு நாளில் தூணுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். ஒரு அம்மா சூடம் கொளுத்திவிட்டுக் குழந்தையைத் தூணடியில் கிடத்தியது. தென்னரசுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் கோயிலு கட்ட வரலடா. நம்மாளுங்க பட்டதப் பாக்க வந்தவங்க அதிசயத்தப் பாத்துட்டுப் போறாங்க. அந்தக் கைய எடுத்துக்கினு வூட்டுக்குப் போ" என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்பாவிடம் சொல்லாமல் எடுக்க முடியாதே. அவர் அதுவரை குடோன் பக்கமே வரவில்லை, பட்டதைப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்பார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். தண்ணீர் என்றதும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்நேரத்துல?"

"உச்சிவேளையிலப்பா."

எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். பிறகுதான் சொன்னார். அப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"மயிலா. ஏழு வயசு இருக்கும். கல்லக்கா புடுங்கப் போயிருந்தம். வெயிலு அடிச்சிச் சுருண்டு வரப்புல கெடந்துச்சி. அண்ணா தண்ணி, அண்ணா தண்ணின்னுது. கொடத்துக்கிட்ட ஓடனேன். தொட வுடல, கையிலதான் ஊத்துனாங்க. சொம்பு குடுங்க சாமி, தங்கச்சிக்கின்னு கேட்டேன், தரல. ஏந்திக்கினே ஓடனேன்டா. கொல்லை பெருசு. போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் ஒழுவிப் போச்சி. மறுக்கா ஓடியாந்து, மறுக்கா ஏந்திக்கினு போனேன். அதுக்குள்ள கண்ணு நட்டுக்கிச்சி. ஒரு முழுங்கு போவல அது வாயில."

அத்தனை வருஷம் அந்த மனுஷன் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எங்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் டி.வி.எஸ்ஸில் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். தென்னரசிடம் இன்று ஒரு நாள் மட்டும் என்று கெஞ்சினேன். அவனுக்கும் கதையைச் சொன்னேன், மறுபேச்சு பேசாமல் கதவைச் சாத்தினான். குடோனுக்குள் நாங்கள் மூன்று பேர் மட்டும். மின்சாரம் வேறு போய்விட்டது, தகர இடுக்கில் விழுந்த வெளிச்சம்தான். பழைய புளி வாசனை மூக்கை அடைத்தது. அப்பா தூணுக்குப் பின்னால் போய், அந்தக் கை தன்னுடைய கைதான் என்கிற மாதிரி நின்றுகொண்டார்.

நம்பினால் நம்புங்கள், நான் கண் சிமிட்டக்கூடப் பயந்துகொண்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து எதுவும் விழவில்லை. காய்ந்த பிளாஸ்டராக இருந்தது, அப்புறம் தண்ணீர் இருந்தது, நடுவில் என்ன நடந்தது என்று எத்தனை முறை யோசித்தாலும் பிடிபடவில்லை. தென்னரசு என் தோளைப் பிடித்தான். பிறகு தண்ணீர் குறைய ஆரம்பித்தது. ஒரேயடியாக இல்லை, கொஞ்சம் குறையும், நிற்கும், மறுபடி குறையும். நான் அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், பொட்டு ஈரமில்லை.

அப்பா மட்டும் பயப்படவில்லை. கீழே பார்த்தபடி, "மெதுவா. மெதுவா குடிம்மா. பொரையேறப் போவுது" என்றார். அந்தக் குரலில் அவர் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அங்கே நின்றது என் அப்பாவே இல்லை, யாரோ ஒரு சின்னப் பையன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அன்றோடு சரி. அடுத்த நாளிலிருந்து அந்தக் கை காய்ந்தே இருந்தது. கும்பிட வந்தவர்கள் ஏமாந்துபோய் எங்களைத் திட்டிவிட்டுப் போனார்கள். தென்னரசு மறுபடி எடுக்கச் சொல்லவில்லை, கடைசி நாள் வரைக்கும் மத்தியானமானால் அந்தத் தூண் பக்கம் வருவதில்லை, அவ்வளவுதான். அப்பா அதற்கப்புறம் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். "குடிச்சிட்டாடி" என்று செத்துப்போன என் அம்மாவின் படத்தைப் பார்த்து அவர் சொன்னதை நான் கேட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் நானே இதை மறந்துவிட்டிருப்பேன். கண்காட்சி முடிந்து பிரிக்கும்போது அந்தக் கையைச் சாக்கில் சுற்றப் போனேன். இரண்டு மணிக்கட்டிலும் லேசாகப் பள்ளம். ஒரு பக்கம் சின்னதாக நான்கு, எதிர்ப்பக்கம் ஒன்று. பெரியவர் கையிலிருந்து தண்ணீர் குடிக்கும் குழந்தை, கை விலகிவிடக் கூடாதென்று மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுக்குமே, அந்தப் பிடி. இறுகிக் காய்ந்து வாரக்கணக்கான பிளாஸ்டர் அது, உளி வைத்தால்தான் இறங்கும். அந்த மணிக்கட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கியவனே நான்தான். வேறு யார் செய்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது.

இப்போது அந்தக் கை வீட்டில் பரண்மேல் இருக்கிறது. அப்பாவால் ஏற முடியாது, அதனால் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் என்னைக் கேட்பார், நான் ஊரில் இல்லாவிட்டால் போனிலாவது கேட்பார். "காஞ்சிதான இருக்குது? தாகம் தீந்துடுச்சில்ல?"

"காஞ்சிதாம்பா இருக்குது" என்பேன். பொய் இல்லை, ஏறிப் பார்த்த நாளிலெல்லாம் காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் கொண்டுவந்த புதிதில் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அந்தப் பள்ளங்கள் தெரியும். போன வாரம் ஊருக்கு வந்தபோது பார்த்தேன், என் விரல் நுனி உள்ளே இறங்குகிறது. அதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.