பேனா ஓரிடம், கோடு ஓரிடம்

புஷ்பராணி டீச்சர் முதல் தடவை எங்கள் கடைக்கு வந்தபோது, "வாங்க, என்ன பிரச்சினைங்க?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கழுத்தில் சுற்றியிருந்த பருத்தித் துணியைச் சரிசெய்துகொண்டு கணவரைத் திரும்பிப் பார்த்தார். கணவர் சிவலிங்கம், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறவர்.

"அவங்களால பேச ஏலாதுங்க. தொண்டையில புத்துநோய். குரல்வளைய எடுத்துட்டாங்க," என்றார்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே, ஒரு புடைவைக் கடையின் மாடியில் இருந்தது எங்கள் கடை. முதலாளி நிசாம் நானா. நான் மெஷின் திருத்துகிறவன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது பவர் சப்ளை வெடித்த கதை, ஹார்ட் டிஸ்க் மீட்ட கதை. இது அப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால்தான் இதுவரை எழுதவில்லை.

1. கேட்டு வந்த வேலை

டீச்சர் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் கற்பிக்கிறவர். அந்தப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் கணிதப் பிரிவு இருந்தது அவருடைய பாடசாலையில் மட்டும்தான். அதை நடத்த வேறு ஆள் இல்லை. ஒப்பரேசனுக்குப் பிறகு அவர் மூச்சு விடுவது கழுத்தில் உள்ள துளை வழியாக. சோக் தூள் பக்கமே போகக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். தூள் பறக்காத வெள்ளைப் பலகையில் எழுதலாம்தான். ஆனால் கழுத்தில் கட்டிகளை எடுக்கும்போது ஒரு நரம்பும் போய்விட்டது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. மேசையில் வைத்து எழுதலாம். அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு லெப்டொப் அனுப்பியிருந்தார்கள். திரையை முழுதாகப் பின்னால் மடித்து, கொப்பி மாதிரி மேசையில் வைத்து, அதற்குரிய பேனாவால் திரையிலேயே எழுதலாம். புரொஜெக்டரில் மாட்டினால் எழுதுவது சுவரில் தெரியும். பாவித்த மெஷின், மெமரி குறைவு. விண்டோஸ் போட்டுப் பார்த்தேன். கை ஒரு வரி எழுதி முடித்த பிறகுதான் முதல் எழுத்து திரையில் வந்தது.

"இதுக்கு லினக்ஸ் போட்டாத்தான் சரிவரும். காசு கட்டத் தேவையில்லாத சிஸ்டம்," என்றேன்.

டீச்சர் தன் ஃபோனில் எழுதிக் காட்டினார்: "அதுல பேனா வேலை செய்யுமா?"

"செய்ய வைக்கலாம் டீச்சர்."

2. வேலை செய்த காலம்

லினக்ஸ் போட்டதும் மெஷின் சுறுசுறுப்பானது. விரலால் தொட்டால் திறந்தது, பேனாவால் எழுதினால் எழுதியது. புரொஜெக்டரை மாட்டியதும் எல்லாம் கெட்டது. பேனா ஓரிடத்தில், கோடு ஓரிடத்தில். கடையிலிருந்தது பழைய சதுர வகைப் புரொஜெக்டர், பாடசாலையில் இருந்ததும் அதே வகை. லெப்டொப் திரையோ அகலம். இரண்டும் ஒரே படத்தைக் காட்டும்போது லெப்டொப்பில் படம் நடுவில் சுருங்கி, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டி விழும். அந்தப் பட்டிகள் இருப்பது பேனாவுக்குத் தெரியாது. நடுவில் எழுதினால் சரியாக விழும். ஓரத்துக்குப் போகப் போக விலகும்.

கணக்கில் விலகல் என்றால் சின்ன விஷயம் இல்லை. ஓர் எண்ணின் தலைக்கு மேல் போட வேண்டிய அடுக்கு, அடுத்த எண்ணின் தலையில் போய் உட்கார்ந்தது. பின்னக் கோடு மேலேயுள்ள எண்களுக்கு அடியில் நில்லாமல் பக்கத்துக்குப் போனது.

நிசாம் நானா வந்து எட்டிப் பார்த்தார். "என்னடா தம்பி, கோடு வழுக்கிக்கொண்டு போகுது?"

"மெப்பிங் பிழை நானா. எந்தத் திரையில எந்த அளவுல எழுதுறோம்னு பேனாவுக்குச் சொல்லிக் குடுக்கணும்."

"சொல்லிக் குடு, சொல்லிக் குடு. அந்த மனுசி பாவம்."

சொல்லிக் கொடுக்க ஒரு கட்டளை இருந்தது. அளவுகளைக் கணக்குப் பார்த்து அதில் போட்டு, டெஸ்க்டொப்பில் ஓர் ஐக்கனாக வைத்தேன். புரொஜெக்டரை மாட்டியதும் அதை ஒரு தடவை தட்டினால் போதும். உள்ளங்கை திரையில் பட்டுக் கீறல் விழாமலிருக்க, பேனா கிட்டே வந்தவுடன் விரல் தொடுகை நிற்கும்படி செய்தேன்.

மெஷினைக் கொடுத்த பிறகு, ஒரு தடவை நேரில் பார்க்கலாமென்று பஸ் ஏறிப் போனேன். மூடுபனி யன்னலோரம் நின்றதால் வகுப்பறை இருட்டாக இருந்தது. அதுவே சுவரில் விழும் படத்துக்கு வசதி. டீச்சர் மேசையில் குனிந்து எழுதினார். முன் வாங்கில் இருந்த யோகேஸ்வரி என்ற மாணவி ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்தாள். டீச்சர் ஒரு வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டால் அது கேள்வி. பிள்ளைகள் பதில் சொல்லுவார்கள். பதில் பிழை என்றால் பேனாவின் பின்பக்கத்தால் மேசையில் தட்டுவார். உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். பேச முடியாத டீச்சருடைய வகுப்புதான் அந்தப் பாடசாலையிலேயே சத்தமான வகுப்பாக இருந்தது.

என் தொழிலில் நான் செய்த வேலைகளில் அதைப் போல் ஒன்று இல்லை. அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கால் வலிக்கவில்லை.

3. இரண்டாவது மெஷின்

மழைக்காலத்தில் வகுப்பறைக் கூரைத் தகடு ஒழுகி, அலுமாரிக்குள் தண்ணீர் இறங்கியது. லெப்டொப் அதற்குள் இருந்தது. சிவலிங்கம் அதை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். மற்றதெல்லாம் பிழைத்தது, பேனாவை உணரும் திரை மட்டும் போய்விட்டது. கொழும்பில் எனக்குத் தெரிந்த கடைகளெல்லாம் கேட்டேன். அந்தத் திரை எவரிடமும் இல்லை.

பழைய மாணவர்கள் மறுபடி சேர்ந்து இன்னொன்று அனுப்பினார்கள். அதுவும் மலிவான ரகம்தான், விண்டோஸில் அதே இழுபறி. ஆனால் மொடல் புதியது. அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

புதிய மெஷினின் பேனாவுக்கு வேறு சிப். நான் முன்பு போட்ட பழைய லினக்ஸ் பதிப்புக்கு அந்தச் சிப்பைத் தெரியாது. பேனா இருப்பதையே அது காணவில்லை. புதிய பதிப்பு பேனாவைக் கண்டுபிடித்தது. ஆனால் புதிய பதிப்பில் திரையைக் கவனிக்கும் பகுதியையே மாற்றிவிட்டிருந்தார்கள். பழைய எக்ஸ் முறை போய், வேலண்ட் வந்திருந்தது. என் கட்டளையை அது ஏற்கவில்லை, ஓரத்தில் கோடு மறுபடி விலகியது. செட்டிங்ஸுக்குள் பேனாவுக்கென்று ஒரு பக்கம் இருந்தது, இந்த மொடலின் பேனாவை அது பட்டியலில் சேர்க்கவில்லை. லினக்ஸுக்குள்ளேயே வேறொரு டெஸ்க்டொப் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். அதில் புரொஜெக்டர் கேபிளை மாட்டியதும் பேனா செத்தது, கழற்றியதும் உயிர் வந்தது. முதலில் இருந்ததற்கே திரும்பினேன்.

கடைசியாக, அந்த டெஸ்க்டொப் மென்பொருளை எழுதுகிறவர்கள் பிழைகளைப் பதியும் தளத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன். படம் பிடித்தும் போட்டேன். ஒருவர் மிகவும் மரியாதையாகப் பதில் போட்டார். இது தெரிந்த பிழைதான், இந்த மொடல் தன்னிடம் இல்லை, தான் ஓய்வு நேரத்தில் சும்மா செய்கிறவர், நேரம் கிடைத்தால் பார்ப்பதாக எழுதினார். எனக்குக் கோபப்பட ஆள் இல்லாமல் போனது. பிரிண்டர் பழுதானால் ஏஜென்டைக் கூப்பிட்டுச் சத்தம் போடலாம். சம்பளம் வாங்காமல் எங்கோ ஒரு நாட்டில் இருந்து பதில் போடுகிற மனிதரிடம் என்ன சத்தம் போடுவது?

ஃபோன் கெமராவைத் தாங்கியில் நிறுத்தி, தாளில் எழுதுவதைக் காட்டிப் பார்த்தோம். இருட்டில் தாள் தெரியவில்லை. லைட்டைப் போட்டால் சுவர் தெரியவில்லை.

டீச்சர் திரையின் நடுவில் மட்டும் எழுதப் பழகினார். ஒரு சின்னப் பெட்டி அளவு இடம். இரண்டு வரி எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார். நீண்ட நிறுவல் ஒன்றைப் பிள்ளைகளால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. "மேல என்ன இருந்துச்சுன்னு மறந்துபோகுது டீச்சர்" என்று யோகேஸ்வரியே சொன்னாளாம்.

4. பார்க்க வந்தவர்

பரீட்சைப் பெறுபேறு இறங்கியதாலும் யாரோ பெற்றோர் முறையிட்டதாலும், வகுப்பைத் தொடர விடலாமா என்று பார்க்க வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாக அறிவித்தார்கள். சிவலிங்கம் கடைக்கு வந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க பக்கத்துல இருந்தாத் தைரியமா இருக்கும்னு சொல்லுறாங்க."

"நான் இருந்தும் கோடு நேராகாதுங்க."

"தெரியும். ஆனாலும் வாங்கண்ணே."

போனேன். அதிகாரி நல்ல மனிதர். அவரும் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவர்தான். பின் வாங்கில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். டீச்சர் நடுப் பெட்டியில் தொடங்கினார். பாடம் சூடு பிடித்ததும் பழக்க தோஷத்தில் கை அகலமாக ஓடியது. சுவரில் அடுக்குகள் இடம் மாறின. யோகேஸ்வரி வாசிக்கத் தொடங்கி, நிறுத்தி, டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் அழித்தார், எழுதினார், மறுபடி அழித்தார். நான் எழுந்து போய் கேபிளைக் கழற்றி மாட்டினேன். அதனால் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

டீச்சர் பேனாவை வைத்தார். எழுந்து கரும்பலகைக்குப் போனார். வேறு பாடங்களுக்காக அங்கே கிடந்த சோக்கை இடது கையில் எடுத்தார். இடது கையால், சின்னப் பிள்ளை எழுதுவதுபோல், மிச்ச வரிகளை எழுதினார். கணக்கு சரியாகத்தான் போனது. யோகேஸ்வரி சத்தமாக வாசித்தாள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசி வரிக்கு முன்னே டீச்சருக்கு இருமல் வந்தது. கழுத்துத் துளையிலிருந்து வரும் இருமலுக்குக் குரல் கிடையாது, வெறும் காற்று. பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். துணியில் இரத்தம் தெரிந்தது.

வாசலில் நின்றிருந்த சிவலிங்கம் ஓடிவந்து அவரை வெளியே கூட்டிப்போனார்.

அதிகாரி பின்னர் வராந்தாவில் டீச்சரிடம் சொன்னார்: "டீச்சர், இதப் பாத்துட்டு நான் எப்புடி வகுப்ப நடத்துங்கன்னு எழுதுறது? உங்களுக்கு ஏதும் ஆனா அந்தப் பாவம் என்னையச் சேரும்."

டீச்சர் ஃபோனை எடுத்து எழுதத் தொடங்கினார். நீளமாக எழுதினார். பிறகு முழுவதையும் அழித்துவிட்டு ஃபோனைக் கைப்பைக்குள் வைத்தார்.

5. பிறகு

டீச்சருக்கு நூலகப் பொறுப்பு கொடுத்தார்கள். கணிதப் பிரிவு மூடப்பட்டது. பிள்ளைகளை ஹட்டனில் உள்ள பாடசாலைக்குப் போகச் சொன்னார்கள். தங்க இடமும் பஸ்ஸுக்கு வழியும் இருந்தவர்கள் போனார்கள். மற்றவர்கள் கலைப் பிரிவுக்கு மாறினார்கள். சிலர் படிப்பையே விட்டார்கள்.

அதற்கு மாதங்கள் கழித்து, பிழை பதியும் தளத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. அந்த மரியாதையான மனிதர் யாரிடமோ அந்த மொடலை இரவல் வாங்கிப் பிழையைத் திருத்தியிருந்தார். என் படங்கள் உதவியதாக நன்றியும் எழுதியிருந்தார். அப்டேட்டை எடுத்துக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஏற்றுக்கொண்ட வேலை.

நூலக அறையில் புரொஜெக்டரை மாட்டினோம். டீச்சர் வலது ஓரத்தில், மிகவும் மேலே, அடுக்குக்கு மேல் அடுக்காக ஒன்று எழுதினார். இருக்க வேண்டிய இடத்திலேயே எல்லாம் இருந்தன.

"சரியாயிடுச்சு டீச்சர்," என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்குக் கீழே எழுதினார்: "யோகேஸ்வரி போன மாசம் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போயிட்டா."

சுவரில் அது பெரிதாக, நேராகத் தெரிந்தது. பிறகு அவர் மெஷினை நிறுத்தினார்.

இப்போது யாராவது மெஷினைக் கொண்டுவந்தால், என்ன பழுது என்று கேட்பதற்கு முன்னால் எப்போதைக்கு வேண்டும் என்று கேட்கிறேன். கடைக்கு வேலை பழக வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்குள் முடியாதென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் வேறு வழி தேடிக்கொள்ளட்டும் என்கிறேன். புஷ்பராணி டீச்சரிடம் நான் அப்படிச் சொல்லியிருந்தால் அவருக்கு வேறு என்ன வழி இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை.