அரம் படாத பத்து ரைபிள்

லியாண்டர் குரூப், வெர்னா ஹாஸ்கின்ஸுக்குப் பத்து டாலர் கடன்பட்டிருந்தார். கைமாற்று இல்லை, பந்தயக் கடன். இந்தியானாவின் அந்தத் தொழிற்சாலை முழுக்க அது தெரியும்.

போருக்கு முன் அங்கே துணி துவைக்கும் இயந்திரம் செய்தார்கள். 1943இல் ராணுவத்துக்கு ரைபிள். அதே ரைபிளை வேறு ஏழெட்டு ஊர்களிலும் செய்தார்கள். எந்த ஊர் உறுப்பும் எந்த ஊர் ரைபிளிலும் பொருந்த வேண்டும், அது ராணுவத்தின் கண்டிப்பு.

வெர்னா நாலாம் வகுப்போடு நின்றவள். மயிரிழையை அளக்கும் மைக்ரோமீட்டரைத் தானே பழகி, பெட்டி கட்டும் வேலையிலிருந்து அளவு பார்க்கும் மேசைக்கு ஏறியவள். அந்த வட்டாரத்தில் அவள் கைக்கு ஈடான கை கிடையாது. இதை அவளே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். பொய்யும் இல்லை.

லியாண்டர் நாற்பது வருடம் வேட்டைத் துப்பாக்கி செய்தவர், இப்போது இங்கே ரைபிள் கோப்பவர். தோட்டா அறையை மூடும் போல்ட் இறுகினால் சட்டைப்பை அரத்தால் இரண்டு இழுப்பு, வெண்ணெயாய் வழுக்கும். வெர்னா அந்தப் போல்ட்டுகளைத் தனியே கழற்றி அளந்து, சிவப்புச் சீட்டுக் கட்டி ஒதுக்கினாள்.

"ஏம்மா வாஷிங்மிஷின் ராணி, அழகா மூடுதில்ல? அப்புறம் என்ன?"

"அந்த ஒரு துப்பாக்கியில மூடும் மிஸ்டர் குரூப். போர்முனையில பையன் வேற துப்பாக்கியில மாட்டினா? அங்க நீங்களும் அரமுமா போய் நிப்பீங்க?"

மேஸ்திரி ஃபெரிஸ் எரிச்சலோடு வந்தார். "சீட்டு கட்டியே வேலைய நிறுத்திப்புட்ட. நாளைக்கு ராணுவத்துக் கலப்புச் சோதனை. லியாண்டர் துப்பாக்கியில ஒண்ணு வைக்கிறேன். தேறிடுச்சுன்னா நீ திரும்பப் பெட்டி கட்டப் போ."

"தேறலேன்னா பத்து டாலர் நான் தர்றேன்," என்று சிரித்தார் லியாண்டர்.

மறுநாள் நம் ரைபிள் ஐந்து, வெளியூர் ரைபிள் ஐந்து. எல்லாவற்றையும் கழற்றிக் கம்பளியில் கொட்டிக் கலந்தார்கள். ஒன்பது சரியாகச் சேர்ந்தன. பத்தாவது வெளியூர் ரைபிளுக்கு லியாண்டரின் போல்ட் வந்தது. ராணுவக் கேப்டன் தோட்டா இருக்க வேண்டிய இடத்தில் அளவுக்கட்டையை வைத்து மூடினார். வழுக்கிக்கொண்டு மூடியது.

"பாத்தீங்களா வழவழப்ப!" லியாண்டர் பூரித்தார்.

"இந்தக் கட்டை மேல மூடவே கூடாது ஐயா," என்றார் கேப்டன். "அரம் பட்டு போல்ட் தேஞ்சிருக்கு. சுட்டா தோட்டா வெடிச்சு முகத்துல அடிக்கும்."

வெர்னா அரம் படாத போல்ட்டை மாட்டினாள். கட்டையில் முட்டி நின்றது. கேப்டன் மறுசோதனைக்கு இரண்டு வாரம் தவணை கொடுத்தார்.

லியாண்டர் பணம் தரவில்லை. "அரம் இல்லாம பத்தும் சேரட்டும். கண்ணால பாத்துட்டுத் தர்றேன்."

"அப்ப இங்க உக்காந்தே பாருங்க," என்று பக்கத்தில் நாற்காலி போட்டாள்.

உட்கார்ந்தார். தடவிப் பார்த்தே அதிகப் பருமனான போல்ட்டுகள் எவை என்று சொன்னார். வெர்னா அளந்தாள், அவர் சொன்னது சரி. எல்லாம் ஒரே இயந்திரத்திலிருந்து வந்தவை. அந்த இயந்திரத்தைச் சரிசெய்ததும் அரத்துக்கு வேலையே இல்லாமல் போனது.

இரண்டாம் சோதனையில் பத்தும் சேர்ந்தன. கேப்டன் கையெழுத்துப் போட்டார். ஃபெரிஸ் தொண்டையைச் செருமினார். "வெர்னா, அந்த மேசை உன்னோடதுதான்."

"தெரியும் சார்," என்றாள் அவள்.

லியாண்டர் அரம் இருந்த பைக்குள் கைவிட்டு ஒற்றை டாலர் நோட்டுகளை எடுத்தார். வெர்னா எண்ணெய்க் கையைத் துடைத்து நீட்டினாள். ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணி வைத்தார். பத்தாவது நோட்டையும் அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.