பறித்த இலை

நறுவிலிக்குளம் கிராமத்தில் உப்பேறிய எங்கள் வயலுக்கு வந்த ஆராய்ச்சிப் பெண் வெயிலில் கறுத்து மெலிந்திருந்தாள். எந்த இலையைத் தொடுமுன்னும் மூச்சை அடக்கிக்கொள்வாள். உப்பால் ஒட்சியேற்ற நெருக்கடி வந்து, ஒட்சிசனே நஞ்சாகித் தாக்கும்போது நெல்லின் உயிர்க்கலங்கள் எந்த மரபணுக்களை எழுப்பும் என்பதைச் சமன்பாடாக்குவது அவள் வேலை.

அவளுக்கு அலைச்சல் வேண்டாமென்று என் கணவர் விடியவே இலைகளைப் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார். அதைக் கண்டதும் அவள் முகம் வாடிவிட்டது.

"பிடுங்கினதே இலைக்குப் பெரிய அடி, அண்ணை. இது இனி உப்பைச் சொல்லாது, பிடுங்கினதைத்தான் சொல்லும்."

"அப்ப வயலில நிக்கிறது தப்புமோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஒரு அளவு வரைக்கும் கலம் தன்னைக் காப்பாத்தும், அக்கா. அதுக்கு மேல தன்னைத்தானே அழிச்சுப்போடும். அந்த அளவுதான் எனக்கு இன்னும் பிடிபடேல்லை."

அவள் போனபின், பயிரைத் தொடும்போதெல்லாம் நானும் மூச்சை அடக்குகிறேன். பயிர் இன்னும் பச்சையாகத்தான் நிற்கிறது. உள்ளுக்குள் என்ன முடிவெடுத்துவிட்டதோ தெரியவில்லை.