டிராகனின் காலி எடை

சரக்கு லாரிகளுக்கான எடைமேடையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்ப்பவளை எல்லாரும் தராசு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கூண்டு, ஒரு கணினி, ரசீது துப்பும் பெட்டி, கால் வைக்க முக்காலி. அதுதான் அவள் ராஜ்ஜியம். ஒரு லாரி இறங்கி அடுத்தது ஏறுவதற்குள் இரண்டு பக்கம் படித்துவிடுவாள். படிப்பதெல்லாம் வேற்றுக்கிரகமும் மந்திரவாதியும்தான்.

சனிக்கிழமைதோறும் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஐந்து பேர் கூடி அந்த மாதிரிப் புத்தகங்களை அலசுவார்கள். டாக்டர், அக்கா, அக்காவின் நாத்தனார், ஓய்வுபெற்ற தபால்காரர், பிறகு ஒரு தையல்காரர். அவர் பல் பிடுங்க வந்தவர். பேச்சில் மயங்கி மூன்று வருஷமாகப் பல்லை மறந்துவிட்டார்.

அந்த வாரப் புத்தகத்தில் எருமை அளவு டிராகன் ஒன்று, கவசம் போட்ட பன்னிரண்டு வீரர்களைச் சுமந்து கடலைத் தாண்டியது. அந்த இடத்தில் தான் அழுததாக டாக்டர் சொன்னார். எருமை எப்படி அவ்வளவு தூக்கும் என்று அக்கா கேட்டாள். மந்திரம்தான் என்றார் அவர்.

“மந்திரம்னா முதல் பக்கத்துலயே சொல்லணும் டாக்டர். இருநூறாவது பக்கத்துல வந்து சொன்னா அதுக்குப் பேரு சமாளிப்பு.”

நாத்தனார் வழக்கம்போல எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டாள். “அப்ப எடை போட்டுக் காட்டுங்க அண்ணி.”

விடுவாளா அக்கா? அடுத்த சனிக்கிழமை மதியம் மற்ற நால்வரும் கேடயத்துக்குப் பதில் பானை மூடிகளோடு எடைமேடையில் ஏறி நின்றார்கள். பன்னிரண்டுக்குக் குறைந்த எட்டு வீரர்களை வரிசையில் நின்ற லாரி ஓட்டுநர்களிலிருந்து பிடித்தாயிற்று. திரையில் ஆயிரத்து நாற்பது கிலோ வந்தது. பழக்கதோஷத்தில் வண்டி வகை என்ற இடத்தில் அக்கா ‘டிராகன்’ என்று தட்டிவிட்டாள். ரசீதும் வந்தது.

தான் ஜெயித்துவிட்டதாக அவள் நிமிர்ந்தபோது மீசைக்கார ஓட்டுநர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு யோசித்தார். “லோடு அதிகமானா வண்டி போகும்கா. பிரேக்தான் பிடிக்காது. அது எப்படி நின்னுச்சுன்னு பாருங்க.”

டாக்டர் கையோடு கொண்டுவந்திருந்த புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார். டிராகன் இறங்கியபோது அரண்மனைக் கூரை நொறுங்கியது என்று அச்சில் இருந்தது; எழுதியவர் பாரத்தை மறக்கவில்லை. அதை வெறும் வர்ணனை என்று தாண்டிப் போயிருந்தாள் அக்கா. முகம் சுண்டிப்போனது. நாத்தனார் ரசீதை மடித்து அக்காவின் கையிலேயே கொடுத்தாள். அதுதான் இன்னும் வலித்தது.

பத்து நாளில் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர், டிராகன் ரசீதின் நகல் வைத்த கோப்போடு வந்து இறங்கினார். வேலை போயிற்று என்றே அக்கா நினைத்தாள். அவரோ, லோடு எடை இருக்கிறது, சரக்கு ஏற்றாத காலி எடை எங்கே என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள்: “அது கதையில வர்ற டிராகன் சார்.”

“எதுல வந்தா என்னம்மா? காலி எடை இல்லாம கோப்பை மூட முடியாது.”

வேறு வழியில்லாமல் சனிக்கிழமை அவரையும் காத்திருப்பு அறைக்கு அழைத்துப் போனாள். இரண்டு மணி நேரம் அனல் பறந்தது. இறக்கைக்கு எவ்வளவு சேர்ப்பது என்று தபால்காரரும் தையல்காரரும் மோதிக்கொண்டார்கள். வயிற்றில் இருக்கும் நெருப்பு காலி எடையில் சேருமா என்று அக்கா கேட்டபோது எல்லாரும் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“எரிபொருள் சேரும்மா. விதி அப்படித்தான்.”

அறுநூற்றுப் பத்து கிலோ என்று முடிவாகிக் கையெழுத்தானது. வாசல் வரை போன அதிகாரி திரும்பி வந்து, கோப்பில் ஆதாரமாக வைக்க அந்தப் புத்தகம் வேண்டும் என்றார். எத்தனை நாளில் திருப்பித் தருவீர்கள் என்று டாக்டர் கேட்டார். மெதுவாகத்தான் படிப்பேன் என்று சொல்லிவிட்டு, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார் அவர்.