பனியன் துணியில் தைத்த கப்பல் கொடி

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்த காலம் அது. குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு, “என் பையன் கப்பல் படிப்பு படிக்கிறானுங்க” என்று சொன்னால் யார்தான் சிரிக்காமல் இருப்பார்கள். நெருப்பெரிச்சல் என்கிற பகுதியில் நான் தையல் வேலை பார்த்த பனியன் கம்பெனியிலும் சிரித்தார்கள்.

“ஏனுங்க, கப்பலு நொய்யல் ஆத்துல வருமுங்களா, இல்ல தண்ணி லாரிக்குப் பின்னாலயே மெதந்து வருமுங்களா?” என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார்.

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனசுக்குள் முருகனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். இவன் எங்கே போனாலும் நீ கூடவே இருக்க வேண்டும் அப்பா என்று.

அந்தப் பள்ளி தாராபுரம் ரோட்டில் ஒரு பழைய நூல் மில் கட்டடத்தில் நடந்தது. பத்தாவது முடித்த பையன்களைச் சேர்த்துக் கடற்படைக்கும் கப்பல் வேலைக்கும் தயார் செய்கிற விடுதிப் பள்ளி. மைதானத்தின் நடுவில் கப்பலின் மேல்தளம் மாதிரி சிமெண்டில் ஒரு மேடை கட்டி, உயரமான கம்பம் ஒன்று நட்டிருந்தார்கள். மேடையில் ஏறி நின்றால் நாலு பக்கமும் சோளக்காடுதான் தெரியும். அதில் காற்றடித்து அலை மாதிரி சாயும்போது, பரவாயில்லை, கடலும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நான் அதுவரைக்கும் கடலைப் பார்த்ததில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தித் தையல் மெஷினில் உட்கார்ந்தவன்.

அங்கே இரண்டு பாடம் முக்கியம். ஒன்று கப்பல் பாடம்: கயிறு, முடிச்சு, கொடி, திசை. இன்னொன்று பிரெஞ்சு. அதைச் சொல்லிக்கொடுக்கப் புதுச்சேரியிலிருந்து ஒரு டீச்சர் வந்து தங்கியிருந்தார். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த மகன், சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“ஏஞ்சாமி, மூக்குலயே பேசறே, சளி புடிச்சிருக்குதா?” என்று என் மனைவி கேட்டாள்.

“இல்லீங்கம்மா, அந்த பாஷையே அப்படித்தான். ‘ஜெ நெ கோம்ப்ராம் பா.’ புரியலைன்னு அர்த்தம். மொத நாளு டீச்சர் இதைத்தான் சொல்லிக்குடுத்தாங்க.”

“புரியலைங்கறதைச் சொல்றதுக்கு ஒரு பள்ளிக்கூடமா? அதை உங்கப்பா தெனம் சொல்றாரே.”

மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் அந்த வீட்டுக்குள் ஒரு பயமும் இருந்தது. தீபாவளி கழிந்ததும் பள்ளியில் ஒரு தேர்வு. தேறுகிறவர்கள் தூத்துக்குடிக்குப் போய் உண்மையான கப்பலில் பயிற்சி எடுக்கலாம். தேறாதவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். என் மச்சான் இதைக் கேள்விப்பட்டு, “தேறலீன்னா ஒண்ணும் ரோசிக்காதீங்க, நம்ம கம்பெனியில பனியன்ல பழுது பாக்கற செக்கிங்ல நிறுத்திக்கலாம்” என்று நல்ல மனசோடுதான் சொன்னான். அந்தப் பேச்சு வந்தாலே மகன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவான். செக்கிங் வேலை கேவலம் என்று இல்லை. அவன் கடலைப் பார்த்தாக வேண்டும், அவ்வளவுதான்.

ஆடி மாதம் பெற்றோர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கப்பல் பாடம் நடத்துகிற வாத்தியார், கடலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேச்சோடு பேச்சாகக் கொடிகளைக் காட்டினார். கப்பலும் கப்பலும் பேசிக்கொள்கிற கொடிகளாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம். பள்ளியில் இருந்தவை வெயிலில் நைந்து, தொட்டால் கிழிகிற நிலையில் இருந்தன.

“புதுசு வாங்கோணும், பாக்கலாம்” என்றார்.

நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் எழுந்து பேசி எனக்குப் பழக்கமே இல்லை. “நான் தைச்சுத் தர்றனுங்க. சாமிக்குச் செய்யற மாதிரி செஞ்சு தர்றனுங்க” என்றேன். வாத்தியார் சந்தோஷப்பட்டு, நிறமும் அளவும் போட்ட படத்தை என் கையில் கொடுத்தார். என்ன துணி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. துணி என்றால் எனக்கு ஒரே துணிதான்.

முதலாளியிடம் அனுமதி வாங்கி, கட்டிங்கில் மிச்சப்பட்ட துணியில் நல்லதாகப் பார்த்து எடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தைத்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு, வெள்ளை. வெளிநாட்டுக்குப் போகிற பனியனுக்கு ஓரத்தில் எப்படி ஓவர்லாக் அடிப்பேனோ அதைவிட ஒழுங்காக அடித்தேன். விடுமுறையில் மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னான். இது ‘நீ ஆபத்தை நோக்கிப் போகிறாய்’. இது ‘உன்னோடு பேச வேண்டும்’. பாதி வெள்ளை, பாதி சிவப்பாக ஒன்று இருந்தது. துறைமுகத்துக்குள் வழி காட்டுவதற்காக ஒருவர் படகில் வந்து கப்பலில் ஏறுவாராம். அவர் ஏறிவிட்டால் இந்தக் கொடியை ஏற்றுவார்களாம்.

“அப்படின்னா, ‘வழிகாட்டறவர் எங்களோட இருக்கார்’னு அர்த்தமா கண்ணு?”

“அதேதானுங்கப்பா.”

அந்தக் கொடிக்கு மட்டும் நடுத்தையலை இரண்டு முறை ஓட்டினேன்.

நீளமாக, சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக இன்னொரு கொடி. அது பதில் சொல்கிற கொடி. துணி காயப்போடும் கயிற்றில் என் துண்டைக் கட்டி மகன் செய்து காட்டினான். எதிர்க் கப்பல் கொடி காட்டினால், இதைப் பாதி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். அந்தக் கொடி சொல்வது விளங்கிய பிறகு உச்சிக்கு ஏற்ற வேண்டும்.

“வெளங்கலீன்னா?” என்று கேட்டாள் என் மனைவி.

“பாதியிலயே நிக்கோணுமுங்கம்மா.”

கொடிகளை மடித்து முருகன் படத்தின் முன் வைத்துக் கற்பூரம் காட்டித்தான் பள்ளிக்குக் கொடுத்து அனுப்பினேன்.

தேர்வு ஐப்பசியில் நடந்தது. முந்தின நாளே அலங்காரமாகக் கொடிகளைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். இரவெல்லாம் மழை. காலையில் நானும் மனைவியும் பஸ்ஸை விட்டு இறங்கி மைதானத்துக்குள் போனதும் நான் முதலில் கம்பத்தைத்தான் பார்த்தேன். பனியன் துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய், இழுபட்டு நீண்டு தொங்கியது. ஓரங்களெல்லாம் பாய் சுருட்டுகிற மாதிரி உள்ளே சுருண்டிருந்தன. எந்தக் கொடியும் விரிந்து பறக்கவில்லை. இருபது வருடமாக அந்தத் துணியைத் தொட்டுப் பிழைக்கிறேன். வெட்டினால் சுருளும், நனைந்தால் தொங்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கொடி என்று நினைக்கும்போது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

பக்கத்தில் தாராபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் நின்றார், அவர் பையனுக்கும் அன்றைக்குத் தேர்வு. கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க, கப்பல் கொடிங்கறாங்க, துணி காயப்போட்ட கொடியாட்டல்ல இருக்குது” என்றார். தைத்தவன் நான் என்று அவருக்குத் தெரியாது. என் மனைவி, “ஆமாங்க, வெயிலு வந்தா காஞ்சிருமுங்க” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தேர்வு வைக்கத் தூத்துக்குடியிலிருந்து ஒரு கப்பல் கேப்டன் வந்திருந்தார். ஒவ்வொரு பையனாக மேடைக்கு எதிரே நிற்க வேண்டும். கம்பத்தில் ஒரு கொடி ஏறும். பையன் தன் பக்கம் நட்டிருந்த சின்னக் கம்பத்தில் பதில் கொடியை ஏற்றி, அர்த்தத்தைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். பையன்கள் கெட்டிக்காரர்கள். சுருண்டு தொங்கியதில் தெரிந்த நிறத்தை வைத்து ஊகித்து, பதில் கொடியைச் சரசரவென்று உச்சிக்கு இழுத்துச் சொல்லிக்கொண்டே போனார்கள். சிலருக்குச் சரியாக வந்தது. சிலருக்கு இல்லை. வாத்தியார் முகம் வாடிப்போனது.

என் மகன் முறை வந்தது. ஏறிய கொடி பாதி வெள்ளை, பாதி சிவப்பு. எனக்கு அந்த இரட்டை நடுத்தையலைப் பார்த்தே தெரிந்துவிட்டது. ஆனால் வெள்ளைப் பக்கம் கயிற்றோடு சுற்றிக்கொண்டு, வெளியே சிவப்பு மட்டும்தான் தொங்கியது. முழுச் சிவப்பு என்றால் வேறு கொடி; ஆபத்தான சரக்கு ஏற்றியிருக்கிறோம் என்று அர்த்தம். இவனுக்குத் தெரியாமல் இருக்காது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தானே. சொல்லிவிடு சாமி, சொல்லிவிடு என்று என் உதடு முணுமுணுத்தது.

அவன் கயிற்றை இழுத்தான். பதில் கொடி பாதி உயரம் ஏறியது. அங்கேயே நின்றுவிட்டது.

கேப்டன் கேட்டார்: “என்னப்பா, தெரியலையா?”

மகன் நிமிர்ந்து நின்று மூக்கால் சொன்னான்: “ஜெ நெ கோம்ப்ராம் பா.” அதற்குப் பிறகு இன்னும் ஏதோ பிரெஞ்சில் சொன்னான். மறுபடி காட்டுங்கள் என்று கேட்டதாகப் பிறகு தெரிந்தது.

“ஒனக்கு முன்னால வந்தவங்க எல்லாரும் சொல்லிட்டாங்களே.”

“எனக்குக் கொடி முழுசாத் தெரியலீங்க சார். ரெண்டுல ஒண்ணுங்க. எதுன்னு தெரியலீங்க.”

“அட, வாயில வந்ததச் சொல்லீட்டுப் போறத உட்டுப்போட்டு” என்று விவசாயி முணுமுணுத்தார். செக்கிங் டேபிளில் என் மகன் நிற்பது எனக்கு அப்போதே கண் முன்னால் தெரிந்தது. அவன் கண் ஒரு நொடி கூட்டத்தில் என்னைத் தேடியது. நான் தலையை ஆட்டினேன். சரி என்று ஆட்டினேனா, சொல்லிவிடு என்று ஆட்டினேனா, இன்றைக்கும் எனக்கே தெளிவில்லை.

கேப்டன் கம்பத்தின் பக்கம் திரும்பி, “எறக்கி, விரிச்சுப் பிடிச்சுக் காட்டுங்க” என்றார். இரண்டு பையன்கள் ஓடிப்போய்ச் சுருட்டைப் பிரித்து, ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளை தெரிந்ததும் மகனின் பதில் கொடி உச்சிக்குப் போனது. சத்தமாகச் சொன்னான். எனக்கு அந்த பாஷை தெரியாது. என்ன சொன்னான் என்பது மட்டும் தெரியும்.

கேப்டன் வாத்தியாரிடம் பேசினார். தேர்வை முதலிலிருந்து வைத்தார்கள். எல்லாப் பையன்களுக்கும், எல்லாக் கொடியையும் விரித்துப் பிடித்து. விவசாயியின் பையன் இரண்டாம் முறை நன்றாகச் சொன்னான். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உங்க பையனால என்ற பையனுக்கு இன்னொருக்கா கெடைச்சுதுங்க” என்றார்.

முடிந்ததும் கேப்டன் என்னைத் தேடி வந்தார். ஈரக் கொடியின் ஓரத்தை விரலால் உருட்டிப் பார்த்தார்.

“பனியன் துணியா அண்ணாச்சி?”

“ஆமாங்க சார். எங்கூர்ல இதுதானுங்க.”

“இதுல கப்பல் கொடி தச்ச ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தராத்தான் இருப்பீய. தையல் நல்லா இருக்கு, பனியனாவே போட்டுக்கிடலாம்.” சிரித்துவிட்டு, “குடைத் துணி மாதிரி நெய்த துணி எடுங்க, இழுத்தா வரக்கூடாது” என்றார்.

நான் கேட்டுவிட்டேன். “பையன் பாதியிலயே நிறுத்திப்போட்டானுங்களே, அது தப்புங்களா சார்?”

“மூடுபனியில என் கப்பல்ல முன்னால நின்னு பாக்குறதுக்கு ஒருத்தன் வேணும்னா, நான் அவனத்தான் கூப்பிடுவேன் அண்ணாச்சி.”

மகன் தேறினான். அந்த வாரமே எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு துணிக்கடையில் குடைத் துணி வாங்கினேன். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், உயிரில்லாதது மாதிரி அப்படியே இருந்தது. ஓரத்தை மடித்து மடித்து அத்தனை கொடியையும் மறுபடி தைத்துக் கொடுத்தேன். பழைய கொடிகளை என் மனைவி தலையணை உறையாக்கிவிட்டாள். ‘நீ ஆபத்தை நோக்கிப் போகிறாய்’ என் தலைக்குக் கீழே ரொம்ப நாள் கிடந்தது.

எங்கள் வீட்டில் செல்போன் வாங்கிய புதிதில், தூத்துக்குடியிலிருந்து மகன் பேசினான். காற்று இரைச்சலில் பாதி கேட்டது.

“அப்பா, இன்னைக்கு நெசமாலுமே வழிகாட்டறவரு எங்க கப்பல்ல ஏறுனாருங்க. கொடிய நாந்தான் ஏத்துனனுங்க.”

“நான் தைச்சதா கண்ணு?”

“இல்லீங்கப்பா, கப்பல்லயே வேற இருக்குதுங்க.”

“நல்லா விரிஞ்சுதா?”

“படபடன்னு அடிச்சுதுங்க.”

என் மனைவி போனைப் பிடுங்கி, சளி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் உள்ளே போய் விளக்கேற்றினேன். முருகனிடம் புதிதாகக் கேட்பதற்கு அன்றைக்கு ஒன்றும் இல்லை. சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.