இடுப்பளவு தண்ணீரும் பன்னிரண்டு கணினிகளும்

ஜகார்த்தாவில் வெள்ளத்தை யாரும் அடிக்கணக்கில் சொல்வதில்லை. கெண்டைக்கால், முழங்கால், இடுப்பு, அவ்வளவுதான். பேட்டை அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்த மஸ்னா அதையே வரைபடமாக்கிவிட்டாள். தெருப்படம் வலையில் இலவசமாகக் கிடந்தது. மதகின் நீர்மட்டத்தை அரசாங்கத் தளம் மணிக்கு மணி போட்டது. "எங்க தெருவுல முழங்கால்" என்று ஜனங்கள் செல்போனில் அனுப்பினார்கள். மூன்றையும் ஒரே பக்கத்தில் கோத்தாள். தண்ணீர் ஏற ஏறத் தெருக்கள் சிவந்தன, வடிய வடியப் பச்சையாயின.

அந்தப் பிப்ரவரிக் காலையில் சிலிவுங் ஆறு பேட்டைக்குள் புகுந்தபோது அண்ணன் ஜுகி போன் செய்தான். அவன் ஓட்டும் சிற்றுந்தில் மனைவி ரொம்லா பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம்டி போறது? உன் படம் சுத்திக்கிட்டே நிக்குது!"

"ஊரே அதைத் தொறக்குதுண்ணே. இருக்கிறது ஒத்தை ஆபீஸ் கம்ப்யூட்டர், மூச்சு முட்டுது."

கடைசியாகத் தெரிந்த படத்தில், ஆஸ்பத்திரிக்குக் குறுக்குவழியான சந்தைத் தெரு சிவப்பு. 'இடுப்பு' என்று ஒரே ஒரு செய்தி. சுற்றிப் போனால் இரண்டு மணி நேரம். ரொம்லா தாங்கமாட்டாள்.

மேகக் கணினி என்று கேள்விப்பட்டு, போன வாரம்தான் மஸ்னா பக்கத்தின் நகலை அங்கே ஏற்றிப் பார்த்திருந்தாள். எங்கோ ஓடும் வாடகைக் கணினிகள். வேண்டுமட்டும் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் விட்டுவிடலாம். படத்தைத் தேடி வருகிறவர்களையெல்லாம் அந்த நகலுக்குத் திருப்பிவிட்டாள்.

ஒன்று, நான்கு, பன்னிரண்டு! கூட்டம் ஏற ஏறக் கணினிகள் தாமாகவே விழித்துக்கொண்டன. தேங்கிக் கிடந்த செய்திகள் மடை உடைந்தாற்போல் கொட்டின. ஒற்றை அறையில் ஒற்றைக் கணினியை வைத்துக்கொண்டு ஊருக்குச் சேதி சொன்ன காலம் அவள் கண்ணெதிரே முடிந்துபோனது.

சந்தைத் தெருவிலிருந்து மட்டும் முப்பத்தொரு செய்திகள். அதில் முப்பது 'கெண்டைக்கால்'. 'இடுப்பு' என்றவர் பாக் சனுசி, அதாவது சனுசி ஐயா, ஒருவர்தான். அவரையே கூப்பிட்டாள்.

"பாக், இடுப்பளவுன்னு போட்டீங்களே, நின்னுக்கிட்டா, உக்காந்துக்கிட்டா?"

"உக்காந்துதாம்மா. தண்ணி வந்தா பக்ஸோ சூப் குடிக்கக்கூடாதுன்னு சட்டமா? குட்டைப் பலகையில உக்காந்திருக்கேன், இடுப்பு நனையுது. பொய்யா சொன்னேன்?"

அடுத்த நொடி ஜுகிக்குப் போன் போட்டாள். "அண்ணே, சந்தைத் தெருவுலயே விடு! கெண்டைக்கால்தான்!"

"உன் படிப்பை நம்பி இறக்குறேன். வண்டி நின்னுச்சுன்னா நீதான் வந்து தள்ளணும்!"

இருபது நிமிடம். ஜுகியின் குரல் காதைப் பிளந்தது.

"சேர்ந்துட்டோம்டி! ரொம்லாவை உள்ள கொண்டுபோயிட்டாங்க!"

மஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு படிவத்தில் புதுக் கேள்வி ஒன்றைச் சேர்த்தாள்: 'நிற்கிறீர்களா, உட்கார்ந்திருக்கிறீர்களா?'

பத்தே நிமிடத்தில் நாற்பது பேர் 'உட்கார்ந்துதான்' என்று பதில் போட்டிருந்தார்கள்.